பந்தலூர்த் தொழிற்சாலையில் நான் எந்தக் கம்பியையும் பிடுங்கவில்லை

சென்ற மாதம் குன்னூரில், நான் பணியாற்றிய தேயிலை நிறுவனத்தின் சேவைப் பிரிவினர் ஒரு தேநீர் விருந்துக்கு என்னை அழைத்திருந்தனர். எங்கள் தொழிற்சாலைகளில் எஞ்சியிருந்த கடைசி கே.வி.எம். சுவிட்சையும் கழற்றி எடுத்துவிட்டதை முன்னிட்டு நடந்த விருந்து அது. ஒரே விசைப்பலகையையும் சுட்டியையும் திரையையும் பல கணினிகளுக்குப் பொதுவாக்கும் சிறு பெட்டி அது. பொத்தானை அழுத்தினால் அடுத்த கணினி உங்கள் கைக்கு வரும். எங்கள் நிறுவனத்தில் அவற்றை முதலில் தேர்ந்தெடுத்து நிறுவியவன் நான் என்பதால் எனக்கு அழைப்பு. இனி அந்த வேலையை வலைப்பின்னல் வழியாக ஒரு மென்பொருளே செய்துவிடும் என்றார்கள். செய்யட்டும். பெட்டி போனதில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை.

வருத்தம் வேறு இடத்தில் வந்தது. இளம் பொறியாளர் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு என்னைப் புகழத் தொடங்கினார்.

"பந்தலூர் ஃபேக்டரியில எல்லாரும் மண்டைய ஒடைச்சுக்கிட்டு இருந்தாங்க. நம்ம சார் போனாரு. ஒரே ஒரு ஒயரைப் புடுங்கினாரு, திருப்பிச் சொருகினாரு. அவ்வளவுதான், முடிஞ்சது கதை!"

அனைவரும் கைதட்டினர். நானும் கைகூப்பினேன். விருந்து மேடையில் திருத்தம் சொல்வது என் வழக்கமன்று. ஆயினும் கம்பியைப் பிடுங்கிச் சொருகுவதற்கு நாற்பது ஆண்டுப் பணி அனுபவம் தேவையில்லை; அதை யாரும் செய்வார்கள். பந்தலூரில் நான் எந்தக் கம்பியையும் பிடுங்கவில்லை. அங்கே செய்தது என்ன என்பதை, பிரிவின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்ட அதே இளைஞர்களுக்காக இங்கே முறையாக எழுதி வைக்கிறேன்.

என் முன்னுரை சுருக்கமானது. துணி வணிகத்துக்காகக் கோவையிலிருந்து மலையேறிய குடும்பம் எங்களுடையது. நான் கோவைக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் படித்து, அளவைக் கருவிகளில் பயிற்சி பெற்று, குன்னூர்த் தலைமை அலுவலகத்தில் சேர்ந்தேன். வெப்பமானிகள், எடைப்பொறிகள், பிறகு கணினிகள் என்று கைக்கு வந்தவை மாறின. பழுது பார்க்கும் முறை மாறவில்லை. அந்த முறை எங்கள் தலைமைப் பொறியாளர் திரு. இராமநாதனுடையது.

இராமநாதன் கழுத்தில் எப்போதும் ஒரு பழுப்பு நிற மஃப்ளர் இருக்கும். பழுதுற்ற கணினி இருக்கும் அறைக்குள் நுழைந்ததும் அதைக் கழற்றுவார், நான்காக மடிப்பார், விசைப்பலகையின் மேல் வைத்துவிடுவார். குளிர் எவ்வளவு கடுமையாக இருந்தாலும், முறையிடுபவர் பேசி முடிக்கும்வரை அது அங்கேயே கிடக்கும். அதற்கிடையில் எவரேனும், நாங்கள் உட்பட, எதையேனும் தொட முயன்றால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். கை தானே பின்வாங்கிவிடும்.

"என்ன நடந்ததுன்னு சொல்லுங்க. ஆனா 'தானா'ங்கிற வார்த்தை இல்லாம சொல்லுங்க" என்பதுதான் அவருடைய முதல் வாக்கியம். மவுஸ் தானா நின்றுவிட்டது, திரை தானா மாறிவிட்டது என்று சொல்லிப் பழகியவர்கள், அந்தச் சொல் பறிக்கப்பட்டதும் திகைத்து நிற்பார்கள். பிறகு மெதுவாக, தாம் அப்போது எங்கே உட்கார்ந்திருந்தோம், எதை அழுத்தினோம், யார் உள்ளே வந்தார்கள் என்றெல்லாம் சொல்லத் தொடங்குவார்கள். பாதிப் பழுது அங்கேயே தெரிந்துவிடும்.

அதன் பிறகுதான் சோதனை. முதலில் பெட்டிக்கு வரும் மின்சாரம். அடுத்து இணைப்புக் கம்பிகள், ஒவ்வொன்றாக. அடுத்து, நல்ல விசைப்பலகையைப் பெட்டியை விடுத்து ஒவ்வொரு கணினியிலும் நேரடியாக இணைத்துப் பார்ப்பது. எல்லாம் சரியென்றால் மட்டுமே பெட்டியின்மேல் சந்தேகம். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்யக் கூடாது. செய்தால் குணமானது எதனால் என்று ஒருபோதும் தெரியாது. இவை எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. வரவழைக்க முடியாத பழுதைத் தீர்த்துவிட்டதாகச் சொல்லக் கூடாது. நாம் கேட்கும்போது அது வரவேண்டும். போகச் சொல்லும்போது போகவேண்டும். அதுவரை நாம் கண்டது வெறும் ஊகம்.

நடுவட்டம் அலுவலகத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால் அவருடைய தோரணை விளங்கும். அங்கே பெட்டி பொருத்திய பிறகு, காலைதோறும் மூன்று கணினிகளில் இரண்டுக்குச் சுட்டி வேலை செய்யாது. பகலில் அணைத்துப் போட்டால் வேலை செய்யும். பெட்டி மட்டம் என்று எழுத்தர்கள் தீர்ப்பளித்துவிட்டனர். இராமநாதன் என்னை அழைத்துக்கொண்டு, அலுவலகம் திறப்பதற்கு முன்பே போய் ஒரு மூலையில் நின்றார். அலுவலக உதவியாளர் இரங்கன் வந்தார், சாமி படத்துக்குப் பூ வைத்தார், சூடம் காட்டினார், பிறகு பயபக்தியுடன் பிரதான சுவிட்சைத் தட்டினார். மூன்று கணினிகளும் ஒரே மூச்சில் விழித்தன. விழிக்கும்போது ஒவ்வொன்றும் தனக்குச் சுட்டி உண்டா என்று தேடும். பெட்டியோ முதல் கணினியின் பக்கம் திரும்பியிருக்கும். மற்ற இரண்டும் தமக்குச் சுட்டி இல்லையென்று அன்றைக்கு முடிவு செய்துகொள்ளும். கணினிகளை ஒன்றன்பின் ஒன்றாக, பெட்டியை அதனதன் பக்கம் திருப்பிவிட்டு இயக்கினால் போதும் என்று விளக்கினோம்.

இரங்கன் கவலையோடு கேட்டார்: "அப்ப ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாச் சூடம் காட்டோணுங்களா?"

"சூடம் ஒண்ணே போதும். பட்டனைத்தான் தனித்தனியா அமுக்கோணும்" என்றார் இராமநாதன். அவர் சிரிக்கவில்லை. மஃப்ளரை எடுத்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

இனிப் பந்தலூர்.

பந்தலூருக்கு அப்பால் இருந்த எங்கள் தொழிற்சாலையில், தேயிலையை உலர்த்தும் டிரையருக்குப் பக்கத்தில் கண்ணாடி அடைத்த ஓர் அறை உண்டு. இடம் போதாமையால் அங்கே மூன்று கணினிகளுக்கு ஒரு மேசை, ஒரு திரை, ஒரு விசைப்பலகை. முதலாவது கணினி அலுவலகப் பணிக்கு. இரண்டாவது டிரையரின் வெப்பத்தை நடத்துவதற்கு. மூன்றாவது கொழுந்து எடைக்கு. நாள் முழுதும் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர் திலகவதி. இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பத்துப் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், தட்டச்சில் உயர்நிலைத் தேர்வு வென்றவர், தற்காலிக எழுத்தர். அவ்வப்போது உள்ளே வந்து பெட்டியின் பொத்தானைத் தட்டி டிரையரின் நிலையைப் பார்த்துவிட்டுப் போகிறவர் டீ மேக்கர் பழனிசாமி. தொழிற்சாலைக்குள் தேயிலைக்கு முழுப்பொறுப்பு அவருடையது. கோவைப் பக்கத்துக்காரர், தம் மூக்கின்மேல் அபார நம்பிக்கை உள்ளவர்.

நான் அங்கே போக நேர்ந்த ஆண்டில், பொங்கல் முடிந்த வெயில் நாள்களில் ஒரு முறை, டிரையரின் வெப்பம் யாரும் சொல்லாமலே வெகுவாகக் கீழே இறக்கப்பட்டிருந்தது. தூள் அரைகுறையாக உலர்ந்து நசநசவென்று வந்தது. ஈரம்தான் காரணம் என்று முடிவு கட்டினார்கள். மலையில் எந்தக் கருவி கோளாறு செய்தாலும் முதல் குற்றவாளி ஈரம். அதற்கு மலைக்காரர்களின் மருந்தும் ஒன்றே: கருவிக்குப் பக்கத்தில் ஒரு குண்டு பல்பை எரியவிடுவது. பழனிசாமியும் பெட்டிக்கும் விசைப்பலகைக்கும் நேர்மேலே ஒரு பல்பைத் தாழத் தொங்கவிட்டு, இரவும் பகலும் எரியவிட்டார்.

பல்பு எரியத் தொடங்கிய பிறகு அதே பழுது மீண்டும் வந்தது. மழைக்காலம் தொடங்கிய பின்னரும் வந்தது. எங்கள் பிரிவிலிருந்து இருவர் போய் மின்சாரம் பார்த்தனர், கம்பிகளைப் பார்த்தனர், மின்மாற்றியைப் புதிதாக மாற்றினர். ஒன்றும் தென்படவில்லை. ஈரமும் இல்லை, கருவியிலும் குறையில்லை என்றால் எஞ்சியிருப்பவர் மேசையில் உட்கார்ந்திருப்பவர்தானே? அவ்வாறுதான் தொழிற்சாலையினர் எண்ணினார்கள். திலகவதியை விசைப்பலகையிலிருந்து எழுப்பிவிட்டார்கள். இனித் தேவையில்லை என்று பல்பையும் அணைத்துவிட்டார்கள். தோட்ட மேலாளர் என்னை அழைத்தது உண்மையைக் கண்டறிவதற்கன்று. பெட்டியில் குறையில்லை என்று நான் ஒரு சொல் சொல்லிவிட்டால், அன்று மாலையே அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்துவதற்கு.

நான் போய் இறங்கியபோது மூடுபனி தொழிற்சாலைக்குள்ளேயே புகுந்திருந்தது. பழனிசாமி வாசலில் காத்திருந்தார்.

"வாங்க சார். நான் நேராப் பேசறவனுங்க. பொட்டில தப்புன்னா பொட்டிய மாத்துங்க. பொட்டில தப்பில்லைன்னா ஆள மாத்தோணும். ரெண்டுல ஒண்ணைச் சொல்லிப்போட்டுப் போங்க."

"ஆளை மாற்ற என்ன காரணம்?"

"ஏனுங்க, டிரையர் தானா எறங்குங்களா? அந்தப் புள்ளைக்கு வேலைய நெரந்தரம் பண்ணலீன்னு கோவம். கைவரிசையக் காட்டுது."

'தானா' என்ற சொல் காதில் விழுந்தது. என் கழுத்தில் மஃப்ளர் இல்லை. கைக்குட்டையை மடித்து விசைப்பலகையின்மேல் வைத்தேன்.

என் நிலையை மறைக்காமல் எழுதுகிறேன். அந்தப் பெட்டி நான் தேர்ந்தெடுத்தது. அதை மாற்றினால், குறை அதனுடையது என்று நானே ஒப்பியதாகும்; அதில் குறை இருப்பதாக நான் நம்பவில்லை. அதை மாற்றாவிட்டால் ஒரு பெண்ணின் பிழைப்புப் போகும். அவர்மேல் குறை இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. பழனிசாமி என்னிடம் நீட்டிய இரண்டு விடைகளும் தவறானவை என்பதில் எனக்கு உறுதி இருந்தது. மூன்றாவது விடைதான் கையில் இல்லை.

திலகவதி அறைக்கு வெளியே, கொழுந்து மூட்டைகளுக்கு அருகில் நின்றிருந்தார். உள்ளே வந்து வழக்கமான வேலையைச் செய்து காட்டுமாறு கேட்டேன். அவர் அசையவில்லை.

"நா தொட மாட்டேன் சார். தொட்டாத்தான் பழி. இப்ப நா தொட்டு, டிரையரு மறுபடி எறங்குச்சுன்னா? வேல போனா லயத்து வீட்டையும் விடணும். அப்பா படுத்த படுக்கையா கெடக்காரு. எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. வீட்டில் ஒருவர் தோட்டத்து வேலையில் இருக்கும்வரையே அது அவர்களுடையது.

பழனிசாமியையும், அதற்குள் அங்கே வந்திருந்த மேலாளரையும் பார்த்துச் சொன்னேன்: "நான் இங்கிருந்து கிளம்பும்வரை இந்த விசைப்பலகையில் எது நடந்தாலும் அதற்கு நான் பொறுப்பு. இவர் பொறுப்பல்ல. தூள் கெட்டாலும் என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்."

மேலாளர் புருவத்தை உயர்த்தினார். "ஆர் யூ ஷ்யூர்? பேசாம பெட்டிய மாத்திட்டுப் போயிடலாமே, சார். நான் உங்க சீஃப்கிட்டயே பேசறேன்."

பேசினார். பிறகு தொலைபேசி என் கைக்கு வந்தது. மறுமுனையில் இராமநாதன்.

"பழுது வந்துச்சா?"

"இன்னும் வரவில்லை சார்."

"அப்ப நீங்க ஏன் கிளம்பணும்?" என்றார். வைத்துவிட்டார்.

திலகவதி வந்து உட்கார்ந்தார். அவருடைய காலை வேலை இது: எந்தக் கங்காணியின் மேற்பார்வையிலுள்ள ஆள்கள் எந்த மலையில் கொழுந்து எடுக்க வேண்டும் என்ற பட்டியலைத் தட்டச்சு செய்வது. தேயிலைக் காட்டின் ஒவ்வொரு பகுதியையும் அவர்கள் மலை என்றே சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஆள்கள் கூடும் பெரட்டுக் களத்தில் அந்தப் பட்டியலை ஒட்டுவார்கள். ஒவ்வொரு வரியிலும் கங்காணியின் பெயர் தமிழில், அடுத்து மலையின் எண், டேப் விசை, ஆள்களின் எண்ணிக்கை, என்டர். அவர்களிடமிருந்த தமிழ் மென்பொருளில் தமிழ் நிலையில் எண் வரிசையை அழுத்தினால் வேறு எழுத்துகள் விழும். ஆகவே எண்ணுக்கு முன்பு ஆங்கில நிலைக்கு மாற வேண்டும். அதற்கான விசை ஸ்குரோல் லாக்.

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். என்ன அருமையான தட்டச்சு! பார்வை கையெழுத்துத் தாளைவிட்டு நகரவில்லை. திரையை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. பள்ளியில் அப்படித்தான் பழக்குவார்கள். பட்டியல் முடிந்தது. எந்தக் கோளாறும் நிகழவில்லை. பழனிசாமி தொண்டையைக் கனைத்தார்.

"இன்னொரு முறை" என்றேன்.

இரண்டாம் முறை நான் பார்க்கவில்லை, கேட்டேன். பெயர் முடிந்து எண் தொடங்கும் ஒவ்வோர் இடத்திலும், மற்ற விசைகளின் சீரான ஓசைக்கு நடுவே, ஒரே விசையின் இரட்டைத் தட்டு. டக்டக். அடுத்த வரியிலும் டக்டக்.

"அந்த விசையை ஏன் இரண்டு முறை தட்டுகிறீர்கள்?"

அவர் திகைத்தார். "ரெண்டு தரமா தட்டுறேன்? ஆமா... ஒருக்கா தட்டினா கேக்காது சார். தூளு ஏறிக் கெடக்கு. ரெண்டாந் தரத்துக்குத்தான் எறங்கும். பழகிப்போச்சு."

தேயிலைத் தொழிற்சாலையில் மாவுபோன்ற தூள் எங்கும் படியும். விசைகளின் இடுக்கில் இறங்கும். மலையின் ஈரம் அதைப் பசையாக்கும். நானே அந்த விசையை அழுத்திப் பார்த்தேன். முதல் அழுத்தலை அது விழுங்கிவிட்டது. இரண்டாவதையே கணினிக்குக் கொடுத்தது.

அந்தக் கணத்தில் எனக்கு விளங்கிவிட்டது. பெட்டியின் பொத்தானைத் தொடாமல் விசைப்பலகையிலிருந்தே கணினியை மாற்றவும் ஒரு வழி உண்டு. ஸ்குரோல் லாக்கை விரைந்து இரு முறை அழுத்தி, அடுத்து ஓர் எண்ணை அழுத்தினால், பெட்டி அந்த எண்ணுள்ள கணினிக்குத் தாவும். பெட்டியை நிறுவியபோது இதை நான் அறிவேன்; அந்த விசையை அங்கே எவரும் பயன்படுத்தவில்லை என்பதையும் உறுதி செய்திருந்தேன். தமிழ் மென்பொருள் வந்தது அதன் பிறகு. அலுவலகத்தில் யாரோ நிறுவியது. எங்கள் பிரிவுக்குச் சொல்லப்படவில்லை.

விளங்கியதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. வரவழைத்துக் காட்டாதது ஊகம். அந்த ஈரத்தில் அந்த விசை இரண்டு தட்டுகளையும் ஏற்கப்போவதில்லை. எனவே பழுதும் வரப்போவதில்லை. பழனிசாமியிடம் கேட்டேன்:

"பழுது வந்த நாள்களில் இந்த அறையில் இன்று இல்லாதது எது இருந்தது?"

"என்னங்க இருந்துச்சு... அதே மேசை, அதே புள்ள." சற்று யோசித்தார். "பல்பு எரிஞ்சுதுங்க. ஆனா மொத தடவ பல்பு இல்லீங்களே. அப்ப நல்ல வெயிலு."

"பல்பைப் போடுங்கள்."

"ஈரத்துக்குப் போட்ட பல்புனால டிரையர் எறங்குமுங்களா? சார், நான் இந்த மலையில பல வருசமா இருக்கறவனுங்க."

"போடுங்கள். டிரையர் மதியம் எப்போது காலியாகும்?"

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அடுத்த தூள் ஏறுவதற்கு முன்பு, சுத்தம் செய்வதற்காக அதை வெறுமனே ஓட விடுவார்கள் என்றார். நல்ல தூளை வைத்துச் சோதனை செய்பவன் பொறியாளன் அல்லன். அதுவரை காத்திருப்போம் என்றேன். பல்பு விசைப்பலகையின்மேல் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. திலகவதி தமக்குக் கொண்டுவந்திருந்த ரொட்டியில் ஒன்றை எனக்கும் கொடுத்தார். தொட்டுக்கொள்ளத் தந்த தேங்காய்ச் சம்பல் மிகவும் காரம். அதை நான் வெளிக்காட்டிக்கொள்ளவில்லை.

சாப்பாடு முடிந்ததும் விசையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்த தூள் உதிர்ந்து விசை இலேசாகியிருந்தது. மேலாளரைக் கூப்பிட்டனுப்பினேன். டிரையர் காலியாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் வெப்பம் வழக்கம்போல நூறு டிகிரியை ஒட்டி இருந்ததைத் திரையில் எல்லோருக்கும் காட்டிவிட்டு, அலுவலகக் கணினிக்குத் திரும்பினேன்.

"இப்போது இரண்டாம் எண் மலைக்கு ஆள் போன ஒரு நாளின் பட்டியலைத் தட்டச்சு செய்யுங்கள். வழக்கம்போலவே செய்யுங்கள், திரையைப் பார்க்க வேண்டாம்."

அவர் கண்களைத் தாளில் பதித்தார். ஒரு கங்காணியின் பெயர். டக்டக். இரண்டு. டேப். அறுபத்து நான்கு. என்டர்.

திரையில் பட்டியல் இல்லை. இரண்டு என்ற எண்ணைப் பெட்டி எடுத்துக்கொண்டு, இரண்டாவது கணினிக்குத் தாவியிருந்தது. டேப் விசை, டிரையரின் வெப்பம் குறிக்கும் கட்டத்துக்குக் கொண்டுபோயிருந்தது. இரண்டாம் எண் மலைக்குப் போன அறுபத்து நான்கு ஆள்களும் அங்கே அறுபத்து நான்கு டிகிரியாக அமர்ந்திருந்தார்கள். கண்ணாடிக்கு அப்பால் டிரையரின் இரைச்சல் தணியத் தொடங்கியது.

பழனிசாமி டிரையரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார்.

"இன்னொரு வாட்டி" என்றார். அது அவர் கேட்டது, நான் கேட்டதன்று.

வெப்பத்தைப் பழைய நிலைக்கு ஏற்றிவிட்டு மீண்டும் வரவழைத்தேன். வந்தது. பிறகு அந்த விசையை ஒரே முறை தட்டுமாறு திலகவதியிடம் சொன்னேன். பட்டியல் ஒழுங்காக வந்தது; டிரையர் அசையவில்லை. வரச் சொன்னபோது வந்தது. போகச் சொன்னபோது போயிற்று. அதன் பிறகே வாய் திறந்து, மேலே எழுதியவற்றை அவர்களுக்கு விளக்கினேன். ஒரு மலைக்குக் கொழுந்து முறை வாரத்துக்கு மேல் இடைவெளி விட்டே வரும். மற்ற மலைகளின் எண்கள் பெட்டியை டிரையர் கணினிக்குத் திருப்புவதில்லை. இரண்டாம் எண் மலையின் முறையும் விசை காய்ந்திருக்கும் நாளும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் டிரையர் இறங்கும். அதனால்தான் சோதிக்கப் போன இருவருக்கும் அது கண்ணில் படவில்லை.

மேலாளர் கேட்டார்: "டிரையர் பக்கம் திரையில வந்தா, இவங்க நிமிர்ந்து பார்க்கும்போது தெரிஞ்சிருக்குமே? ஏன் சொல்லல?"

திலகவதிதான் பதில் சொன்னார். "தெரிஞ்சிச்சு தொரை. ஆனா டீ மேக்கர் ஐயா ஒரு நாளைக்கு எத்தன வாட்டி வந்து பட்டனத் தட்டிட்டு அப்படியே விட்டுட்டுப் போவாரு! இதுவும் அவரு வேலன்னுதான் நெனச்சேன். ஒண்ணாம் பட்டனத் தட்டி எம் பக்கத்துக்கு வந்துருவேன்."

பழனிசாமி மறுக்கவில்லை. பல்பைக் காட்டிச் சொன்னார்: "அப்ப என்ற பல்புதான் வேலையக் காட்டிப்போடுச்சு."

"பல்பு விசையை உலர்த்தியது. அதைத்தானே நீங்கள் அதனிடம் கேட்டீர்கள்?" என்றேன்.

திலகவதி முதல் முறையாகச் சிரித்தார். "உங்க டிரையரு பக்கமே நா வந்ததில்லன்னு தொரைகிட்ட சத்தியம் பண்ணினேனே, ஐயா. வந்துதான் இருந்திருக்கேன், எனக்கே தெரியாம. நீங்க பல்பு போட்டு வெளிச்சம் காட்டியிருக்கீங்க!"

மேலாளர் என்னைத் தனியே அழைத்து, இயக்குபவரின் தவறு என்று அறிக்கையில் எழுதிவிடலாமா என்று கேட்டார். தலைமை அலுவலகத்துக்கு அது எளிதில் புரியும் என்றார். இயலாது என்றேன். தூள் ஏறிய விசையை வேலை வாங்கத் தெரிந்த ஒரு தேர்ந்த தட்டச்சர். தன்னிடம் கொடுத்த கட்டளையைத் தவறாமல் நிறைவேற்றிய ஒரு பெட்டி. கேட்டபடி உலர்த்திய ஒரு பல்பு. மூன்றும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்தன. ஒன்றின் வேலையை மற்றொன்றுக்கு அறிவிக்க அங்கே எவருமில்லை என்பதே பழுது. அவ்வாறே எழுதினேன். எழுத்தரின் பெயர் அறிக்கையில் எந்த இடத்திலும் இல்லை. 'தானாக' என்ற சொல்லும் இல்லை.

பெட்டியை நான் மாற்றவில்லை. விசைப்பலகை வழியே தாவும் வசதியை மட்டும் பெட்டியின் அமைப்பிலிருந்து நீக்கினேன். அடுத்த வாரம் டிரையர் கணினிக்குத் தனி விசைப்பலகையும் தனித் திரையும் வாங்கிக் கொடுக்கச் செய்தேன். இராமநாதன் அறிக்கையை இரண்டு முறை படித்தார். "சரி" என்றார். அவரிடம் பணியாற்றியவர்களுக்கு அந்தச் சொல்லின் மதிப்புத் தெரியும்.

நான் புறப்பட்டபோது பனி விலகியிருந்தது. வண்டியில் ஏறுமுன் கண்ணாடி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். காலையில் 'அந்தப் புள்ள' என்று பேசிய பழனிசாமி, நாற்காலியை மேசைக்கு நேராக இழுத்துப் போட்டு, தோள் துண்டால் அதன்மேல் படிந்த தூளைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க அம்மிணி. நாளைக்குப் பெரட்டுக்கு லிஸ்ட் வேணுமல்லோ."

ஆதலால் இளம் நண்பர்களே, இந்தக் கதையை இனிச் சொல்லும்போது கம்பியை விட்டுவிடுங்கள். என்னைக்கூட விட்டுவிடலாம். அன்று மாலை எழுந்துபோக வேண்டியிருந்த ஒருவர், அதே நாற்காலியில், அதே விசைப்பலகையின்முன் மீண்டும் உட்கார்ந்தார் என்பதிலிருந்து தொடங்குங்கள்.